படித் திருப்பத்தில் பீரோ

செத்தவர் வீடு, விற்ற வீடு, ஜப்திக்கு முந்திய வீடு
எதுவானாலும் ஒரே நாளில் காலி செய்து தருவேன்.
ஓசூர் ராயக்கோட்டைச் சாலையில் தகரக் கொட்டகை,
தவணை முடியாத குட்டியானை வண்டி.
ரசீதில் என் பெயர்: நா. முனிலட்சுமி.

இந்தத் தொழிலில் முதலில் மூக்கு பழகும்.
பாச்சா உருண்டை, பூட்டிய அறையின் தலையணை,
யாரோ பாதியில் நிறுத்திய மாத்திரை.
பிறகு விரல்.
தேக்கா, தேக்கு நிறம் பூசிய பலகையா,
ஒரு தட்டில் சொல்லிவிடுவேன்.
ஆட்களைத் தட்டிப் பார்த்ததில்லை.

ஆட்களைக் கொண்டுவருவது மேஸ்திரி திம்மராஜு.
ஆறரைக்கு நாலு பேரை இறக்குவான்,
இருட்டியதும் ஏற்றிக்கொள்வான்.
தலைக்கு எழுநூறு, அவன் கையில்.
அவர்களுக்கு அதில் எவ்வளவு என்று
மூன்று வருஷம் கேட்கவில்லை.
பழைய கிரைண்டருக்கு ஐம்பது ரூபாய் குறைக்க
அரைமணி நேரம் நின்று பேசிய வாய் இது.

பாகலூர் சாலையில் ஒரு கல்குவாரிக்காரர் வீடு.
பெங்களூர் மகன் போனில் சொன்னான்:
'எல்லாத்தையும் எடுத்துடுங்க, எதுவும் வேணாம்.'
பீரோவின் உள்ளறையில் பிஸ்கட் டப்பா.
உருகி ஒட்டிய ரப்பர் பேண்டுக்குள்
பதினாறு ரேஷன் கார்டு.
அடியில் ஒரு டைரி.
காய்ச்சல், இரண்டு நாள், ஐந்நூறு.
தங்கச்சி சாவு, மூன்று நாள், எழுநூற்றைம்பது.
எல்லாம் கடனில் கூட்டல்.
கழித்தல் குறி ஒரு பக்கத்திலும் இல்லை.

பழைய காகிதம் கிலோ பன்னிரண்டு.
கை தராசுக்குப் பழகிய கை, எடை போட்டது.

பின்னால் கயிறும் தோளுமாக ஜடையன் நின்றிருந்தான்.
அஞ்செட்டிக்கு மேலே காட்டுப்பக்கத்து ஆள்.
படிக்கத் தெரியாது. டப்பாவைத் தெரிந்தது.
'எங்களுது மஞ்சப் பையில இருக்குதுக்கா,
மேஸ்திரி வூட்ல.'
எவ்வளவு வாங்கினே?
'அப்பன் ஆஸ்பத்திரிக்கு இருபது.
இப்ப முப்பத்தாறு ஆயிருக்குதாம்.'

தாம்.
தன் கடனையே அவன்
பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிந்திருக்கிறான்.

சாயந்திரம் கார்டுகளைக் கேட்டேன்.
திம்மராஜு சிரித்தான்.
'குடிச்சுட்டுத் தொலைச்சுடுவானுங்க, பத்திரத்துக்குத்தான்.
நீ வீடு காலி பண்ணு, உன் வேலையப் பாரு.'
அதுதான்டா என் வேலை என்றேன்,
எந்த வீட்டில் எதை எங்கே ஒளிப்பார்கள் என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்.
சொல்லும்போது முழங்கால் நடுங்கியது. அதையும் எழுத வேண்டும்.

சப்-கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில் ஐந்து பேர்,
என் மடியில் டப்பா.
மனுவில் நீங்கள் யாரென்று எழுதுங்கள் என்றார் கிளார்க்.
'மூன்று வருஷம் இவர்களிடம் வேலை வாங்கியவள்'
என்று எழுதினேன்.
வாங்கியவள் என்ற இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

இப்போது கூலி அவரவர் கையில்,
கார்டு அவரவர் சட்டைப்பையில்.
மேஸ்திரிகள் இன்னும் போன் செய்கிறார்கள், தலைக்கு ஐந்நூறாம்.
சூளகிரிக்காரன் இரண்டு வீட்டைத் தட்டிக்கொண்டு போனான்.
தவணை ஒன்று தவறியது.
பதினாறு கார்டில் ஒன்பதுக்குத்தான்
ஆள் கிடைத்திருக்கிறார்கள்.

நேற்று மத்திகிரியில், இரண்டாம் மாடியிலிருந்து
பீரோவை இறக்கும்போது
ஜடையனுக்குப் போன் வந்தது.
படித் திருப்பத்தில் மெதுவாகச் சாய்த்து வைத்தான்.
'நாளைக்கி வரேன்க்கா.'
போகட்டுமா என்று கேட்கவில்லை.
சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

மேலே போக வழியில்லை, கீழே வர வழியில்லை.
வீட்டுக்காரர் மேலிருந்து கத்துகிறார்:
'ஒரு அட்வான்ஸ் குடுத்து வச்சிருந்தா
இப்படிப் போவானாம்மா?'

எனக்கும் கோபம்தான்.
பீரோவில் முதுகைச் சாய்த்து
படியிலேயே உட்கார்ந்தேன்.
தட்டிப் பார்த்தேன். தேக்குதான்.